நுனியில் இருக்கும் உருண்டை



காம்பவுண்ட் வில்லின் நாணில் டி-லூப், அதாவது ரிலீஸ் கருவியின் கொக்கியை மாட்டும் சிறு கயிற்று வளையம், கட்டுவது பற்றி நீ கேட்டதில் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தக் கயிற்றின் நுனியை லைட்டரில் உருக்குவது நூல் பிரியாமலிருக்கத்தானே, முடிச்சை இறுக்கிவிட்டால் அது எப்படி இருந்தால் என்ன என்கிறாய். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், நினைப்பு தவறு. நாம் நாணில் போடுகிற சுருக்கு, அதிலிருந்து வெளிவரும் கயிற்றின் இரண்டு காலிலும் பாரம் சமமாக விழுந்தால்தான் நம்பத்தக்கது. ஒரு காலை மட்டும் இழுத்தால் நழுவும். கிளிஃபோர்ட் ஆஷ்லி 1944இல் வெளியிட்ட முடிச்சுப் புத்தகத்தைக் கையிலெடுத்தால் எனக்குக் கீழே வைக்க மனம் வராது. 3,800க்கும் மேற்பட்ட பதிவுகள்; அத்தனையையும் பார்த்தபின் மனத்தில் தங்குவது, முடிச்சின் பெயரைவிடப் பாரம் எந்தக் காலில் விழுகிறது என்பதே பெரிது என்பதுதான். லூப்பைப் பார்: மேல் சுருக்கு, கீழ்ச் சுருக்கு இரண்டிலும் ஒரு கால் ரிலீஸ் கொக்கிக்குப் போகிறது, மறுகால் சும்மா முடிந்துவிடுகிறது. நழுவுவதற்குத் தோதான நிலையிலேயே கட்டுகிறோம். அந்தச் சும்மா காலைத் தடுத்து நிறுத்துவது, நுனியை உருக்கி உண்டாக்கும் உருண்டை ஒன்றுதான்.

பிளையரால் நெருக்கினால் உராய்வே பிடித்துக்கொள்ளாதா என்பாய். முதல் நாள் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு எய்தலிலும் முடிச்சு அதிர்கிறது. நாணில் மெழுகும் இருக்கிறது. அப்படியானால் நழுவாத வேறு முடிச்சு போடலாமே என்றால், அம்பின் வால்முனைப் பிளவை ஒட்டிப் பருத்த முடிச்சுக்கு இடமில்லை. அந்தப் பிளவு நாணில் அமரும் உயரத்தைத் திருத்தும்போது முடிச்சை நாணில் திருகி நகர்த்தவும் முடியவேண்டும். முழு இழுப்பில் கையில் நிற்கும் பாரம் கொஞ்சம்தானே என்ற வாதமும் செல்லாது. 60 பவுண்டு வில்லில் 80 சதவீதம் தளர்ந்தால் கடைசியில் நிற்பது 12 பவுண்டு. ஆனால் நடுவழியில் அந்த 60 பவுண்டும் இதே கயிற்றின் வழியாகத்தான் வருகிறது. அங்கே நழுவினால் உன் முஷ்டி உன் முகத்திலேயே வந்து இறங்கும்.

ஆகவே உருக்கும்போது அவசரப்படாதே. நுனியைச் சற்றுப் பிரித்துவிட்டுத் தீயின் ஓரத்தில் காட்டு. உருகியதும் உலோகத்தில் அழுத்தினால் ஆணித்தலை போல் விரியும். கயிற்றைவிட அது அகலமாக இருக்கவேண்டும். கருகினால் நொறுங்கும், வெட்டிவிட்டு மறுபடி செய். இரண்டு உருண்டைகளும் நாணின் எதிரெதிர்ப் பக்கம் இருக்கட்டும், லூப் ஒருபக்கமாகத் திருகாது. பிளையரை லூப்புக்குள் விட்டு விரித்து, உருண்டை சுருக்கில் போய் முட்டும்வரை இறுக்கு. முட்டாத லூப்பில் கொக்கியை மாட்டாதே. அழகாக இருக்கிறது என்ற சமாதானமெல்லாம் என்னிடம் எடுபடாது.