காணொலிப் பாடமும் ஆய்வேட்டு உரைநடையும்

பட்ட வகுப்பில் கட்டுரை எழுதித் தேறிய மாணவர், முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் இயலில் திகைத்து நிற்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். செய்தி அவரிடம் உண்டு; உழைப்பும் உண்டு. பிறர் கருத்தை எங்கே நிறுத்தித் தம் கருத்தை எங்கே தொடங்குவது என்பதுதான் விளங்குவதில்லை. ஆய்வு நெறிமுறை பற்றிய தாள் இருப்பினும், எழுதித் திருத்தும் பயிற்சி அதில் குறைவு. இக்குறையை யூடியூபில் கிடைக்கும் காணொலிகள் ஓரளவு நிரப்புகின்றன.

அவற்றுள் நாம் முதலில் பரிந்துரைப்பது, சிகாகோ பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பயிற்சித் திட்டத்தை இயக்கிவந்த லாரி மெக்கனர்னியின் சொற்பொழிவாகும். 2014இல் வலையேற்றப்பட்ட அது ஏறத்தாழ 80 நிமிடம் நீள்வது. மாணவர் எழுதுவதை ஆசிரியர் படிப்பது, அதற்கு அவர் ஊதியம் பெறுவதால்தான் என்கிறார் அவர். (கேட்கச் சற்றுக் கசப்பாகவே இருக்கிறது!) வகுப்பறைக்கு வெளியே அக்கடமை எவருக்கும் இல்லை. ஆதலால் தமக்குத் தெரிந்ததை விளக்கினால் மட்டும் போதாது. படிப்பவர் சரியென நம்பியிருப்பதில் ஒரு சிக்கல் உண்டென முதலில் காட்ட வேண்டும். 'ஆனால்', 'எனினும்' போன்ற சொற்கள் அப்பணியைச் செய்கின்றன என்பதும் அவர் கருத்து.

நம் ஏடுகளுக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். சீறாப்புராணத்தின் நாட்டு வளத்தை ஆராயும் மாணவர், உமறுப்புலவர் அரபு நாட்டை வயலும் வாவியுமாகப் பாடிய அழகை வரிசையாக எடுத்துக்காட்டி, இது தமிழ்க் காப்பிய மரபு என்று முடித்துவிடுவார். பிழையில்லை, ஆயின் புதிதுமில்லை. 'எனினும், சுரத்தின் கொடுமையையும் அதே புலவர் பாடுகிறாரே. வளம் எவ்விடத்தில், வறட்சி எவ்விடத்தில்?' என்று ஒரு வினாவை முன்வைத்தால் அதே சான்றுகள் ஆய்வாகின்றன.

மேற்கோள் காட்டும் முறையைக் கற்பிக்கும் காணொலிகளும் பல. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக எழுத்துக் கூடம் வெளியிட்டவை எளியவை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைக் கடந்தால் ஏட்டைத் திருத்தித் தரவேண்டும். 60ஐக் கடந்தால் ஆய்வுப் பதிவே நீக்கப்படும். ஆகவே இதனை அலட்சியம் செய்தல் தகாது.

இங்கே தமிழ் மாணவர்க்குத் தனி இடர்ப்பாடு ஒன்று உண்டு. நம் உரையாசிரியர்கள் நூற்பெயர் சுட்டாமலே பாடல்களை எடுத்தாண்டனர். நச்சினார்க்கினியர் காட்டிய மேற்கோள்களின் மூலத்தைத் தேடி உ.வே.சாமிநாதையர் பட்ட பாடு நாமறிந்ததே. உரைக்குள் வரும் மேற்கோளை எவ்வாறு குறிப்பது, பதிப்புக்குப் பதிப்பு பாடல் எண் மாறினால் எதனைக் கொள்வது என்பன ஆங்கிலக் காணொலியில் கிட்டா.

அவற்றை நம் துறைகளே உருவாக்கலாம். பெரும் செலவு தேவையில்லை. மாணவர் ஒருவரின் இசைவோடு, பெயர் மறைத்து, அவர் எழுதிய ஒரு பக்கத்தைப் பேராசிரியர் திருத்துவதைக் கைப்பேசியில் பதிவு செய்தால் போதும். எந்தச் சொல்லை ஏன் அடித்தார், எந்த வாக்கியத்தை ஏன் மேலே ஏற்றினார் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திருத்த வேண்டும். பார்ப்பவரும் தம் பக்கத்தை அருகே விரித்து, இடையிடையே காணொலியை நிறுத்தித் திருத்துவாராக. பத்துக் காணொலி பார்த்தும் ஒரு பத்தி எழுதாதவரையும் நாம் கண்டிருக்கிறோம்.