கரையில் வரையும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய அலை ஓவியங்களைப் பார்த்தேன். வண்ணம் நன்றாகக் கைவந்திருக்கிறது. ஆனால் எல்லாப் படத்திலும் ஒரே அலைதான். வரைவதில் முன்பிருந்த சந்தோஷம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே எனக்குப் படுகிறது. வாரந்தோறும் கோவளத்தில் போர்டோடு கடலில் இறங்குகிற நீ, வீட்டுக்கு வந்து யாரோ எடுத்த போட்டோவைப் பார்த்து ஏன் வரைய வேண்டும்?

விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். வருகிற அலையின் முகத்தை அது தாங்கிப் பிடிக்கும். அலை நிமிர்ந்து நின்று, பிறகுதான் உடையும். வெயில் ஏறிக் கடற்காற்று கிளம்பிவிட்டால் அந்த முகம் கலைந்துவிடும். ஆனி, ஆடியில் தெற்கே வெகுதொலைவில் பிறந்த அலை இடைவெளிவிட்டுச் சீராக வரும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை கிளப்பும் அலை நெருக்கியடித்துக் கலங்கி வரும். இதெல்லாம் உன் தோளுக்கும் முழங்காலுக்கும் தெரியும், கைக்குத்தான் இன்னும் போய்ச் சேரவில்லை. கடலைவிட்டு ஏறியதும், தலை துவட்டுவதற்கு முன்பே மணலில் உட்கார்ந்து வரை. வண்ணம் வேண்டாம், கரித்துண்டு போதும்.

மாமல்லபுரம் உனக்குப் பக்கம்தானே? அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன் ஒரு காலை முழுக்க இரு. பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான் ஒன்று அங்கே இருக்கிறது. மான்களை அலுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் 7ஆம் நூற்றாண்டில் செதுக்கியது. அத்தனை பெரிய பாறையில், தேவர்களுக்கு நடுவே, அந்தச் சின்ன அரிப்புக்கு இடம் கொடுத்தாரே, அந்த மனம் உனக்கு வேண்டும்.

உனக்கு முன்பே கடலைப் படித்தவர்கள் மீனவர் குப்பத்தில் இருக்கிறார்கள். கோவளத்தில் சர்ஃபிங் பள்ளி தொடங்கிய மூர்த்தி மேகவன் மீனவர்தான். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றை அவர்கள் பெயர் சொல்லி அழைப்பார்கள், கேட்டுத் தெரிந்துகொள். ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரை. அவர்களுக்கு நீ சொல்லிக்கொடுப்பது கொஞ்சம்தான் இருக்கும். கட்டுமரத்தில் கயிறு எங்கே சுற்றும், வலையில் மிதப்பு எந்தப் பக்கம் என்று அவர்கள் உன் படத்தைத் திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தில் கிடைக்கும் சந்தோஷம் பாராட்டில் கிடைக்காது. இதைச் சேவை என்று நினைத்துப் போகாதே, தொழில் கற்கப் போவதாக நினைத்துப் போ.

தை பிறந்ததும் பங்குனி ஆமை என்னும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறத் தொடங்கும். ஒரு கூட்டில் சுமார் நூறு முட்டை இருக்கும். குஞ்சு பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஓடும். விளக்கில்லாத கரையில் அது கடலின் வெளிச்சம். இப்போதோ தெருவிளக்கு அவற்றைச் சாலைக்கு இழுத்துவிடுகிறது. சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காப்பிடத்தில் சேர்க்கிறார்கள். இந்தத் தையில் நீயும் அவர்களோடு நட. போட்டோ எடுக்காதே.

நடந்து பார்த்த பிறகு, எந்த விளக்கை எந்த மாதங்களில் அணைக்க வேண்டும் என்று கரையோரக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் தட்டி வரைந்து கொடு. அதில் உன் பெயர் வேண்டாம். விளக்கை அணைக்கச் சொல்லி ஊராட்சிக்குக் கொடுக்கும் மனுவில் மட்டும் முழுப்பெயரைப் போட்டுக் கையெழுத்திடு.

அன்புடன்,
அக்கா