கரும்பலகை பேசட்டும்

கேள்வி: என் வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருவர் சேர்ந்திருக்கிறார். நான் தனிப் பயிற்சி பெற்றதில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– விரிவுரையாளர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அந்த மாணவியிடமிருந்தே தொடங்குங்கள். அவருக்கு எது உதவும் என்று கேளுங்கள்; அதுதான் முதல் பயிற்சி. கரும்பலகையில் எழுதுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘இதோ, இது’ என்று கைகாட்டாமல் பெயர் சொல்லிச் சுட்டுங்கள். பாடக்குறிப்பை ஜெராக்ஸாகத் தராமல் யூனிகோட் தமிழில் தட்டச்சு செய்து கொடுங்கள், என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருள் அதைத் தமிழிலேயே படித்துக் காட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துரு என்றால் வெறும் உளறலாகத்தான் கேட்கும்.

கல்லூரி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் மாற்றுத்திறன் குறித்த பாடமும் இடம்பெற வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதைச் சொல்லி முதல்வரிடம் பயிற்சி கேளுங்கள். நூலக, அலுவலக ஊழியர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேள்வி கேட்ட அன்றே பாதி தூரம் கடந்துவிட்டீர்கள்.