பெரேராவும் பெர்னாண்டோவும்: நமது பெயர்கள் வந்த வழி

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பங்குகளில் கலியாண அறிவித்தல் வாசிக்கப்படும்போது கவனித்துக் கேளுங்கள். சூசைப்பிள்ளை, சவரிமுத்து என்னும் பெயர்களோடு பெரேரா, பெர்னாண்டோ, டி சில்வா, குருஸ் என்னும் பெயர்களும் வரும். "இவர்கள் பறங்கி வம்சமோ?" என்று கேட்போர் உண்டு. சம்பந்தம் பேசும் வேளையில் இக்கேள்வி சிலர் வாயில் பெருமையாகவும், சிலர் வாயில் ஏளனமாகவும் வரும். ஆகவே உண்மையை அறிந்துகொள்வது நன்று.

முதலில் பொருளைப் பார்ப்போம். போர்த்துக்கேய மொழியில் பெரேரா என்பது பேரிக்காய் மரம், சில்வா காடு, பொன்சேகா வறண்ட ஊற்று, கொஸ்தா கரை, குருஸ் சிலுவை. பெர்னாண்டோ வேறு வகையானது. போர்த்துக்கலில் அது ஓர் ஆளுக்கு இடும் பெயர். பெர்னாண்டோவின் மகன் என்பதே பெர்னாண்டஸ். றொட்றிகஸ் என்பதும் அவ்வாறே றொட்றிகோவின் மகன் என்று பொருள்படும். தகப்பன் பெயரை முன்னால் வைக்கும் நமக்கு இது புதுமையன்று.

இப்பெயர்கள் நம்மவருக்கு எப்படி வந்தன? 1535 முதல் 1537 வரையில் முத்துக்குளித்துறைப் பரதவர் திரளாக ஞானஸ்நானம் பெற்றனர். ஞானத்தந்தையாக நின்ற போர்த்துக்கேயரின் பெயரை ஏற்பது அக்கால வழக்கம். இலங்கையின் மேற்குக் கரையிலும் இவ்வழக்கம் பரவியது. பெயர் ஞானஸ்நானத் தொட்டியடியில் கிடைத்தது. இரத்தத்தில் வந்ததென்று கொள்ள வேண்டியதில்லை.

திருகோணமலையில் போர்த்துக்கேயர் ஆட்சி நீடிக்கவில்லை. கோணேசர் ஆலயத்தை இடித்த கற்களைக் கொண்டு 1624இல் அவர்கள் கட்டிய கோட்டை, 1639இல் ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. இந்தப் பதினைந்து ஆண்டுகளைக் கொண்டு இங்குள்ள பெயர்கள் எல்லாவற்றுக்கும் காரணம் காட்ட முடியாது. போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இங்கும் மட்டக்களப்பிலும் உண்டு என்பது மெய்யே. ஆனால் பெயர்கள் வந்த வேறு வழிகளும் உள. சோளகம் வீசி மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்புப் பகுதி மீனவர் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைப்பது நெடுநாள் வழக்கம். 1957 வரை இங்கிருந்த பிரித்தானியக் கடற்படைத் தளமும் பல ஊராரை வேலைக்கு அழைத்தது. வந்தவர்களோடு பெயர்களும் வந்தன.

பெயரைக் கொண்டு மதத்தையும் சொல்லிவிட முடியாது. பெரேரா, பெர்னாண்டோ, சில்வா என்பன இலங்கையில் மிகப் பரவலான பெயர்கள். அவற்றைத் தாங்கும் பௌத்தர்கள் ஏராளம்.

இதற்கு நமது திருச்சபையிலேயே சிறந்த சான்று உண்டு. 1687இல் யாழ்ப்பாணம் வந்து, ஒல்லாந்தர் தடைக்கிடையே மந்தையைக் காத்து, 1711இல் கண்டியில் மரித்த புனித யோசேவ் வாஸ் அடிகள் கோவாவின் கொங்கணிக் குடும்பத்தில் பிறந்தவர். வாஸ் என்பதோ போர்த்துக்கேயப் பெயர். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளும் அவ்வாறே. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்தபோது உலகம் கொண்டாடியது அவரது தொண்டையே.

ஆதலால் அன்பான பெற்றோரே, இப்பெயரைச் சொல்லி எவரும் தலைநிமிரவும் வேண்டாம், தலைகுனியவும் வேண்டாம். வீட்டு முதியவர்களிடம் கேட்டு, பாட்டன் பூட்டன் பெயர்களையும் அவர்கள் வந்த ஊரையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஞானப்பெற்றோர் பெயர்களையும் பாருங்கள். போரினாலும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளினாலும் பத்திரங்களை இழந்த குடும்பங்கள் நம்மிடையே பல. முதியவர்கள் இருக்கும்போதே எழுதாவிட்டால், நம் பிள்ளைகளிடம் பெயர் இருக்கும். அது வந்த கதை இராது.