ஒற்றை பேஸ் வரியிலிருந்து

அன்புள்ள இளம் பியானோக் கலைஞருக்கு,

சிமரோசாவின் சொனாட்டாக்களை நோட்டேஷன் பார்த்துப் பிழையின்றி வாசிக்கிறீர்கள். அத்தோடு நிறுத்திவிடாதீர்கள், அவர் நேப்பிள்ஸில் இசை கற்ற வழியையும் கைக்கொள்ளுங்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேப்பிள்ஸ் நகரில் நான்கு கன்சர்வேட்டரிகள் இருந்தன. ஆதரவற்ற சிறுவர்களின் விடுதிகளாகத் தொடங்கியவை அவை. அங்கே மாணவன் முன் வைக்கப்பட்ட பாடம் பார்ட்டிமென்டோ. பெரும்பாலும் ஒரு பேஸ் வரி மட்டுமே தாளில் இருக்கும். மேலே வரவேண்டிய கார்டுகளையும் மெட்டையும் வாசிக்கும்போதே அவன் உருவாக்க வேண்டும். அங்கே கற்பித்த துரான்டேயிடம் இப்படிப் பயின்ற இசையமைப்பாளர் பைசியெல்லோ, 'செவில் நகர நாவிதன்' ஓபராவை ரஷ்யாவில் அரங்கேற்றிய அதே 1782-இல், இளவரசி மரியா ஃபியோதொரோவ்னாவுக்காக ஒரு பார்ட்டிமென்டோ நூலையும் வெளியிட்டார். புகழின் உச்சியிலும் அவர் கைவிடாத பயிற்சி அது.

பேஸின் மேல் இப்படி உருவாக்கக் கைகொடுக்கும் ஆயத்த வார்ப்புகளை மனனம் செய்தால் சொந்தக் குரல் மழுங்கிவிடாதா என்று கேட்பீர்கள். நியாயமான அச்சம்தான். அந்தப் பள்ளிகளிலிருந்து வந்த எத்தனையோ ஓபராக்கள் ஒன்றுபோல் ஒலித்து மறக்கப்பட்டன. ஆனால் அதே பள்ளிகளில் பயின்ற பெர்கொலேசியின் 'ஸ்டாபாத் மாத்தர்' தொடக்கத்தைக் கவனியுங்கள். சீராக நடக்கும் பேஸின் மேல் இரண்டு குரல்கள் உரசி, விலகி, ஒன்றையொன்று தாண்டி மேலேறுகின்றன. அந்த வார்ப்பை கொரெல்லி பல ஆண்டுகளுக்கு முன்பே கையாண்டிருந்தார். பெர்கொலேசி அதை எஃப் மைனரில் மெதுவாக நடக்கவிட்டு, ஒவ்வொரு உரசலையும் வலியாக உணரும் அளவுக்கு நிறுத்திவைக்கிறார். 1736-இல், தம் 26-ஆம் வயதில் மறைவதற்குச் சற்று முன் எழுதியது அது. ஏறத்தாழ பத்தாண்டு கழித்து பாக், அதற்கு ஜெர்மன் சொற்களைப் பொருத்தித் தமதாக்கிக்கொண்டார். பொது வார்ப்பு குரலை மழுக்கும் என்றால், பாக் அதில் எதைக் கண்டு இத்தனை உழைத்தார்? வார்ப்பு கைவசம் இருந்ததால்தான் பெர்கொலேசியின் கவனம் முழுவதும் அது எவ்வளவு வலிக்க வேண்டும் என்பதில் நின்றது என்று நம்புகிறேன்.

அந்தச் சிறுவர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிப் படித்தார்கள், நமக்கு அத்தனை நேரமில்லை என்பது இன்னொரு தடை. நேரம் குறைவுதான். அதனால் அடிப்படையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிமரோசாவின் ஆசிரியர் ஃபெனரோலியின் பாடத்திலும் முதலில் வருபவை கேடன்ஸ்களும் ஸ்கேலும்தான். சி மேஜர் ஸ்கேலை இடக்கையில் மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு சுரத்தின் மேலும் எந்தக் கார்டு அமர்கிறது என்று வலக்கையால் தேடுங்கள். ஏறும்போது அமர்ந்தது இறங்கும்போது மாறுகிறதா என்று காதால் கேளுங்கள். அது தடுமாற்றமின்றி வந்தபின் ஜி மேஜருக்குப் போங்கள். மைனர் ஸ்கேல்கள் அதற்குப் பிறகு.