மொரீசியசுத் தமிழர் மூதாதையரைத் தேடும் நெறி

குடும்பத்தின் வேரைத் தேடுவோர்க்கு முதற்கண் வேண்டப்படுவது எழுத்துச் சான்று. மன்னர்க்கும் வள்ளல்களுக்கும் கல்வெட்டும் செப்பேடும் உள்ளன. நிலமுடையார்க்குப் பட்டாவும் பத்திரமும் உள்ளன. நிலமற்ற உழவுத் தொழிலாளிக்கு எது உளது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை வயல்களில் உழைத்த ஒருவர் தம் ஊரிலேயே வாழ்ந்து மறைந்திருப்பாராயின், அவர் பெயர் எந்தத் தாளிலும் ஏறாமற் போயிருக்கவே வாய்ப்பு மிகுதி. அவரே கப்பலேறி மொரீசியசுத் தீவை அடைந்திருப்பாராயின், அவருடைய பெயர், தந்தை பெயர், அகவை, உயரம், உடலிலுள்ள தழும்பு, மாவட்டம், சிற்றூர் எனப் பலவும் எழுதப்பெற்றன. கரும்புத் தோட்டத்திற்கு ஆட்கணக்கு வைக்கும் பொருட்டு எழுதிய அக்குறிப்பே இன்று அவர்தம் வழித்தோன்றல்களின் குலவரலாற்றுக்கு முதல் ஏடாக நிற்கின்றது.

1810இல் பிரெஞ்சியரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிய இத்தீவில் 1835இல் அடிமை முறை ஒழிந்தது. தோட்ட முதலாளிகள் இந்தியாவை நோக்கினர். 1834 நவம்பர் 2ஆம் நாள் 'அட்லசு' என்னும் கப்பலில் 36 தொழிலாளர் கல்கத்தாவிலிருந்து வந்திறங்கினர். அன்று தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். பெரும்பகுதியினர் கல்கத்தா வழியாகவும், அடுத்த நிலையில் சென்னை வழியாகவும், சிறுபகுதியினர் பம்பாய் வழியாகவும் வந்தனர். அவர்கள் கரையேறிய போர்ட் லூயி நகரத்துக் குடியேற்றக் கிடங்கு 'ஆப்பிரவாசி காட்' என்னும் பெயரால் 2006இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றது.

தேடுவோர் ஈண்டு ஒன்றை மறத்தலாகாது. தமிழர் அத்தீவுக்குச் சென்றது கூலி முறையால் மட்டுமன்று. 1735இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற லபூர்தொனே காலத்திலேயே புதுச்சேரிப் பகுதியிலிருந்து கொத்தர், தச்சர் முதலிய கைவினைஞர் சென்றுள்ளனர். அவர் வழியினர் கூலிப் பதிவேட்டில் எத்துணைத் தேடினும் பயனில்லை. திருச்சபைப் பதிவேடுகளும், நோட்டரிகள் எழுதிய உடன்படிக்கைகளும், பிரான்சு நாட்டு எக்சு நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் களரியுமே அவர்க்குரிய இடங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர் வழியினர்க்கு வழி வேறு. அவர்கள் பாட்டனிலிருந்து கீழிறங்கலாகாது. தம்மிலிருந்து மேலேறல் வேண்டும். தம் பிறப்புச் சான்று, தந்தையின் திருமணச் சான்று, பாட்டனின் இறப்புச் சான்று என மொரீசியசுக் குடிமைப் பதிவு அலுவலகத்தில் ஒவ்வொரு படியாகப் பெற்றுச் செல்லுங்கால், ஏதேனும் ஒரு சான்றில் பெயரோடு ஓர் எண் தோன்றும். அதுவே குடியேற்ற எண். கரையேறிய ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே வழங்கப்பட்ட அவ்வெண்ணே திறவுகோல். முனுசாமிகள் நூற்றுக்கணக்கில் இருப்பர். அவ்வெண்ணுடைய முனுசாமி ஒருவரே. மோகா என்னுமிடத்திலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தியக் குடியேற்ற ஆவணங்கள் காக்கப்பட்டு வருகின்றன. எண்ணைக் கொண்டு சென்றால் கப்பலின் பெயரும் வந்த நாளும் அமர்த்தப்பட்ட தோட்டமும் ஊரும் கிடைக்கும். 1860களுக்குப் பின் பதிவானவராயின் ஒளிப்படமும் கிடைத்தல் கூடும். ஒப்பந்தம் முடித்தவர் வெளியே நடமாடினால் பிடித்து நிறுத்திக் கேட்பதற்கென 1867ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒட்டப்பட்ட படம் அது. ஒடுக்கும் பொருட்டு எடுத்த படத்தைப் பேரப்பிள்ளைகள் இன்று சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டி வைக்கின்றனர்! இவ்வாவணத் தொகுதி 2015இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

தமிழ் பயின்றார் உதவி தேவைப்படுவது இதன் பின்னர்தான். எழுதியோர் ஆங்கிலேயரும் பிரெஞ்சு மொழி பழகியோரும் ஆவர். தமிழ் ஒலி அவர் செவியில் விழுந்தவாறே ஏட்டில் ஏறியது. கருப்பன் 'கர்பென்' ஆனார். அருணாசலம் 'அர்னசெலம்' ஆனார். வேலாயுதம் 'வலைடன்' ஆனார். பழனியாண்டி 'பைனியாண்டி' எனத் திரிந்தமை மிகவும் நோக்கத்தக்கது. ழகரம் அறியாத நாவு அதனை விழுங்கியதால் விளைந்த திரிபு இது. தொழிலாளியின் இயற்பெயரே மக்களுக்குக் குடும்பப் பெயராக நிலைத்தமையின், இன்று ஒருவர்தம் கடைசிப் பெயர் பெரும்பாலும் ஒரு பாட்டனின் முதற்பெயரே. அதனைச் சாதிப் பெயராகவோ ஊர்ப் பெயராகவோ கொண்டு மயங்குதல் கூடாது. சென்னையிற் கப்பலேறினார் என்பதனாலேயே தமிழர் என முடிவு கட்டுதலும் தவறு. தெலுங்கரும் அத்துறை வழியே சென்றனர்.

ஊர்ப் பெயர்களின் நிலை இன்னும் கடிது. 'டிரான்குபார்' தரங்கம்பாடி எனவும், 'போர்ட்டோ நோவோ' நம்மவர் மஹ்மூது பந்தர் என வழங்கிய பரங்கிப்பேட்டை எனவும் எளிதில் அறியலாம். சிற்றூர்ப் பெயரோ எழுத்துக்கூட்டிப் படித்தும் பிடிபடாது. அப்பொழுது மாவட்டத்தையும் வட்டத்தையும் முதலில் உறுதி செய்து, அவ்வெல்லைக்குள் ஒத்த ஒலியுடைய ஊர்களைத் தேடல் வேண்டும். பழைய மாவட்ட எல்லைகளும் இன்று இல்லை. பதிவேட்டிலுள்ள தஞ்சை மாவட்டத்து ஊர் இன்று நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ மயிலாடுதுறையிலோ இருத்தல் கூடும். தென்னார்க்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் எனப் பிரிந்து, விழுப்புரத்திலிருந்து 2019இல் கள்ளக்குறிச்சியும் பிரிந்தது.

ஊரை அடைந்த பின் பிறப்புச் சான்று தேடுவது வீண் முயற்சி. சென்னை மாகாணப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல்தான் வந்தது. கப்பலேறியோரிற் பெரும்பாலோர் அதற்கு முன்னரே சென்றுவிட்டனர். கிறித்தவராயின் கோயில் ஞானமுழுக்கு ஏடுகளிலும், முஸ்லிம்களாயின் பழமை வாய்ந்த மஹல்லாக்களின் நிக்காஹ் தஃப்தர்களிலும் தடயம் காணலாம். ஏனையோர்க்குக் குலதெய்வக் கோயிலின் வரிக்கணக்கும் ஊர் முதியோர் நினைவுமே எஞ்சுவன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் நிலத்தீர்வை ஏடுகளை நாடுமுன், தேடப்படுபவர் நிலமுடையவரா என வினவிக் கொள்வது நாட்களை மிச்சப்படுத்தும்.

இத்தேடல் இன்று வெறும் ஆர்வத்தால் மட்டும் நடைபெறுவதன்று. 2024 மார்ச்சில் மொரீசியசு சென்ற இந்தியக் குடியரசுத் தலைவர், ஏழாம் தலைமுறையினரும் கடல்கடந்த இந்தியக் குடிமக்கள் அட்டை பெறச் சிறப்பு ஏற்பாடு செய்யப்பட்டதாக அறிவித்தார். அட்டைக்கு வம்சத் தொடர்ச்சி காட்டுதல் வேண்டும். இடையில் ஒரு சான்றில் 'கர்பென்' என்றும் மறு சான்றில் 'காருப்பன்' என்றும் இருப்பின் இருவரும் ஒருவரே என நிறுவ வேண்டியுள்ளது. தமிழ்த்துறை மாணவர் சிலரேனும் விடுமுறை நாட்களில் தத்தம் வட்டத்துச் சிற்றூர்ப் பெயர்களை வழக்கிலுள்ள குறுக்கங்களோடும் பழைய ஆங்கில எழுத்துமுறையோடும் பட்டியலிட்டு வைப்பாராயின், அங்கிருந்து ஓர் ஊர்ப் பெயரை மட்டும் ஏந்தி வருவோர் எந்தப் பேருந்தில் ஏறுவதென இங்கேயே சொல்லிவிடலாம்.