அஃபிலியேட் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்... அக்காவின் டிப்ஸ்!

“அக்கா, அஃபிலியேட் மார்க்கெட்டிங் கத்துக்க ஒரு ஆன்லைன் கோர்ஸ் பார்த்தேன். இன்னைக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குள்ள சேர்ந்தா பாதி விலையாம். சேரட்டுமா?”

பிளாக் எழுதும் தங்கச்சிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். என் பதில்: இன்று ராத்திரி மட்டும் சேராதே. அந்தப் பாதி விலை நாளைக்கும் இருக்கும், தீபாவளிக்கும் இருக்கும். அவசரப்படுத்தி விற்கும் எதையும் ஒரு வாரம் தள்ளிப்போடு. அந்த ஒரு வாரத்தில் நீ பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில் வரவு செலவைப் பார்ப்போம். உன் பதிவில் ஒரு பொருளைப் பற்றி எழுதி அதற்கு லிங்க் வைக்கிறாய். படித்தவர் அதைத் தொட்டுப் போய் வாங்கினால் கடை உனக்குக் கமிஷன் தருகிறது, வாங்குபவருக்கு அதனால் விலை ஏறுவதில்லை. அமேசான் 1996-லேயே ஆரம்பித்துவிட்ட ஏற்பாடு இது. இப்போது, வெட் கிரைண்டர் பற்றிய உன் பதிவை 1,000 பேர் படிக்கிறார்கள், அதில் 50 பேர் லிங்க்கைத் தொடுகிறார்கள், 2 பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள். கிரைண்டர் 5,000 ரூபாய், கமிஷன் 4 சதவீதம் என்றால் உனக்கு வருவது 400 ரூபாய். கோர்ஸ் கட்டணம் 12,000 ரூபாய் என்றால், அந்தப் பதிவை 30,000 பேர் படித்தால்தான் போட்ட காசு திரும்பும். இந்த எண்கள் கணக்குக்காகச் சொன்னவை. உன் பிளாக்கின் உண்மையான எண்களைப் போட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார். கோர்ஸ் விற்பவர் எவரும் இதை உனக்குப் போட்டுக் காட்ட மாட்டார்.

அந்த எண்களில், தேடி வரும் வாசகர் எத்தனை பேர் என்பது எங்கே கிடைக்கும்? கூகுள் சர்ச் கன்சோலில் இலவசமாகவே கிடைக்கும். எந்தக் கேள்வியைத் தட்டி வாசகர் உன்னிடம் வந்து சேர்கிறார், எந்தப் பதிவுக்கு ஆள் வருகிறது என்று அங்கே தெரியும். இன்னும் பத்துப் பதிவுகூட எழுதவில்லை, தேடி வருவோர் யாரும் இல்லை என்றால், உனக்கு இப்போது கோர்ஸ் வேண்டாம். எழுது. ஒரே துறையில் 20, 30 பதிவுகள் சேரட்டும். அடிப்படை தெரிய வேண்டுமானால் ஹப்ஸ்பாட் அகாடமியில் இலவச வகுப்புகள் இருக்கின்றன. அமேசானின் அஃபிலியேட் திட்டமான அசோசியேட்ஸின் உதவிப் பக்கங்களையும் விதிப் பக்கத்தையும் முழுவதும் படித்தாலே, பல கோர்ஸ்களில் காசு வாங்கிக்கொண்டு சொல்லும் பாதி விஷயம் உன் கைக்கு வந்துவிடும்.

இன்னொன்று: கோர்ஸில் சேருவதற்கு முன்பே ஏதாவது ஒரு அஃபிலியேட் திட்டத்தில் சேர்ந்துவிடு. சேர்வதற்குக் கட்டணம் கிடையாது, கேட்டால் ஓடிவிடு. அமேசானில் கணக்கு தொடங்கிய 180 நாளுக்குள் குறைந்தது 3 விற்பனை நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். நீயே உன் லிங்க்கில் வாங்கினால் அது கணக்கில் வராது. அதனால் ஓரளவு வாசகர் வந்த பிறகு தொடங்குவதே நல்லது. டாஷ்போர்டைத் திறந்து, எத்தனை கிளிக், எத்தனை ஆர்டர் என்று கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்தால், என்ன கேட்க வேண்டும் என்பது உனக்கே தெரிந்திருக்கும். அது தெரியாமல் உட்கார்ந்தால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

சரி, கோர்ஸைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இதில் நான் மிகவும் பயப்படும் வகை ஒன்று இருக்கிறது. பெயர் அஃபிலியேட் கோர்ஸ். உள்ளே போனால் சில்வர், கோல்டு, டயமண்ட் என்று பேக்கேஜ்கள். நீ காசு கட்டிச் சேர வேண்டும், பிறகு அதே பேக்கேஜை உன் தோழிக்கும் நாத்தனாருக்கும் காலேஜ் ஜூனியருக்கும் விற்க வேண்டும். அவர்கள் கட்டும் பணத்தில்தான் உனக்குக் கமிஷன். மிக்ஸியோ புத்தகமோ எங்குமே விற்கப்படாது. ஜூம் மீட்டிங்கில் கார் சாவி காட்டுவார்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் என்ன போட வேண்டும் என்று எழுதியே கொடுப்பார்கள். ஆள் சேர்ப்பதற்காகவே பணம் கைமாறும் சங்கிலித் திட்டங்களை நம் நாட்டில் 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளும் பிரமிட் திட்டங்கள் கூடாது என்கின்றன. நீ கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: “இந்தக் கோர்ஸை யாருக்கும் விற்காமல், இதில் படித்ததை வைத்து மட்டும் நான் சம்பாதிக்க முடியுமா?” பதில் சுற்றி வளைத்து வந்தால் போனை வைத்துவிடு. ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மூடி மறைக்காதே. ஆன்லைன் பண மோசடிக்கு 1930, நுகர்வோர் புகாருக்கு 1915. உடனே கூப்பிடு.

நேர்மையாக நடத்துபவர்களிலும் ஆள் பார்த்துத்தான் சேர வேண்டும். சொல்லிக் கொடுப்பவருக்கு, கோர்ஸ் விற்கும் பக்கத்தைத் தவிர வேறு பிளாக் இருக்கிறதா? இருந்தால் திறந்து அரை மணி நேரம் படி. கடைசிப் பதிவு எப்போது வந்தது, எந்த மாதிரிப் பொருளுக்கு லிங்க் வைக்கிறார், கமிஷன் வாங்குவதை வாசகரிடம் சொல்கிறாரா என்று பார். வருமான ஸ்கிரீன்ஷாட்டை ஒரு ஆதாரமாகவே எடுத்துக்கொள்ளாதே. பிரவுசரில் தெரியும் எண்ணை மாற்றிப் படம் எடுக்க ஒரு நிமிடம் போதும். படம் உண்மையாகவே இருந்தாலும் அந்தப் பணம் பிளாக்கில் வந்ததா, கோர்ஸ் விற்றதில் வந்ததா என்பது அதில் தெரியாது.

பாடத்திட்டத்தையும் வரி வரியாகப் படி. வாசகர் என்ன தேடுகிறார் என்று கண்டுபிடிப்பது, ஒப்பீட்டுப் பதிவு எழுதுவது, லிங்க்கை எந்த இடத்தில் வைப்பது, எந்தப் பதிவிலிருந்து விற்பனை வந்தது என்று பிரித்துப் பார்ப்பது, திட்டங்களின் விதிகள், வாசகரிடம் வெளிப்படையாகச் சொல்வது, வரி. இவை இருக்க வேண்டும். மைண்ட்செட், மோட்டிவேஷன் என்றே பாதி வீடியோ ஓடினால் விட்டுவிடு. கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பது ரொம்ப முக்கியம். 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளை இறுக்கியது. தேடலில் மேலே வருவதற்காகவே பயனற்ற பக்கங்களை மொத்தமாக உருவாக்கிக் குவிப்பது அதில் தவறு என்று தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ஏஐ-யை வைத்து வாரம் நூறு ரிவ்யூ போடலாம் என்று சொல்லித்தரும் கோர்ஸ், நீ கஷ்டப்பட்டு வளர்த்த பிளாக்கையே கவிழ்த்துவிடும்.

வெளிநாட்டுக் கோர்ஸ் நல்லதா என்றும் கேட்கிறீர்கள். மிஷெல் ஷ்ரோடர்-கார்ட்னர் என்ற அமெரிக்கப் பெண்ணின் கோர்ஸ் பிளாக்கர்களிடையே பெயர் பெற்றது. ‘மேக்கிங் சென்ஸ் ஆஃப் சென்ட்ஸ்’ என்ற பிளாக்கை 2011-ல் ஆரம்பித்து, 38,000 டாலர் கல்விக் கடனை 2013-க்குள் அடைத்தவர். பல வருடம் மாதா மாதம் வரவு செலவைத் தன் பிளாக்கிலேயே வெளியிட்டவர். பிளாக் எழுதிச் சம்பாதித்த பிறகு கோர்ஸ் எடுத்தவர் என்பதால் மதிக்கிறேன். ஆனாலும் இந்த மாதிரி கோர்ஸ்களின் விலை டாலரில் இருக்கும், உதாரணங்கள் எல்லாம் அமெரிக்க வாசகருக்கானவை. தமிழில் சமையல், குழந்தை வளர்ப்பு எழுதும் உனக்கு இதை முதல் கோர்ஸாகச் சொல்ல மாட்டேன். யூடெமி போன்ற தளங்களில் அடிக்கடி சில நூறு ரூபாய்க்கே விலை இறங்கும், சில பாடங்களை முன்கூட்டியே இலவசமாகப் பார்க்கலாம், பெரும்பாலான கோர்ஸ்களுக்கு 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆரம்பிக்க அது போதும். எங்கே சேர்ந்தாலும் ரீஃபண்ட் நிபந்தனையைப் படித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேள். இஎம்ஐ என்றால் அது கடன். நீ பாதியில் நிறுத்தினாலும் தவணை நிற்காது.

சேர்ந்தாகிவிட்டதா? எல்லா வீடியோவையும் இரண்டே நாளில் பார்த்து முடிக்காதே. உன் பதிவுகளில் ஒன்றை எடுத்துக்கொள். ஒரு பாடம் பார்த்ததும் அந்தப் பதிவில் அதைச் செய்து முடி, பிறகு அடுத்த பாடம்.

அந்த கிரைண்டர் பதிவையே பார்ப்போம். ‘சிறந்த 10 கிரைண்டர்கள்’ என்று எழுதாதே, அதை ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். ‘வீட்டில் இரண்டே பேர், 2 லிட்டர் டேபிள் டாப் போதுமா, டில்டிங் வாங்கணுமா?’ என்று எழுது. கடைக்குப் போவதற்கு முன் உன் வாசகி தன் அம்மாவிடம் கேட்கும் கேள்வி அது. கல் எவ்வளவு கனம், கழுவும்போது ஒரு கையால் தூக்க முடியுமா, விளிம்பில் மாவு தங்குகிறதா, குழந்தை தூங்கும் நேரத்தில் ஓட்டலாமா, அரை கிலோ அரிசி அரைபட எவ்வளவு நேரம் ஆகிறது, எல்லாம் சொல். பிடிக்காததையும் சொல். ‘மேலே உள்ள மூடி லூஸாக இருக்கிறது, மாவு தெறிக்கிறது’ என்று நீ ஒரு வரி எழுதினால்தான் மற்ற வரிகளை அவள் நம்புவாள். படங்களை உன் போனில் நீயே எடு. கடைப் பக்கத்திலிருந்து படத்தையோ வாடிக்கையாளர் ரிவ்யூவையோ நகலெடுக்கக் கூடாது. விலையையும் கையால் தட்டி வைக்காதே. அது மணிக்கு மணி மாறும், அமேசான் விதியும் அதை அனுமதிப்பதில்லை. ‘இன்றைய விலையைப் பாருங்கள்’ என்று லிங்க் கொடு. பதிவின் தலையில் ஐந்து லிங்க்கைக் கொட்டாமல், ‘இரண்டு பேருக்கு இதுவே போதும்’ என்று நீ முடிவு சொல்லும் இடத்துக்குக் கீழே ஒன்று வை.

லிங்க் போட்டதும் போனில் நீயே தொட்டுப் பார். திறக்கும் முகவரியில் ‘டேக்’ என்ற சொல்லுக்குப் பின்னால் உன் அடையாளம் வர வேண்டும், அமேசான் இந்தியா என்றால் அது 21 என்ற எண்ணில் முடியும். அது இல்லையென்றால் உன் உழைப்புக்கு ஒரு பைசா வராது. சமையல் பதிவுகளுக்கு ஒரு அடையாளம், குழந்தை வளர்ப்புப் பதிவுகளுக்கு இன்னொன்று என்று டிராக்கிங் ஐடியைப் பிரித்து வை, எது விற்கிறது என்று மாதக் கடைசியில் தெரிந்துவிடும். உன் லிங்க்கைத் தொட்டவர் அமேசானில் 24 மணி நேரத்துக்குள் வேறு பொருள் வாங்கினாலும் பெரும்பாலும் உனக்குக் கமிஷன் உண்டு. பண்டிகைக் கால ஆஃபரில் ஒருவரே பல பொருள் வாங்குவார். ஆகவே ஆஃபர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே பதிவைத் தயாராக வை. கூகுள் அதைக் கண்டெடுக்கக் கொஞ்சம் காலம் வேண்டும்.

கமிஷன் வருகிறது என்பதை வாசகரிடம் மறைக்காதே. விளம்பரத் துறையின் சுய ஒழுங்கு அமைப்பான ஏஎஸ்சிஐ 2021-லும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதற்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கின்றன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. பதிவின் மேலேயே தமிழில் எழுதிவிடு: ‘இதில் உள்ள லிங்க் வழியாக வாங்கினால் எனக்குச் சிறு கமிஷன் கிடைக்கும். உங்களுக்கு விலை மாறாது.’ அமேசான் தன் விதிகளில் கேட்கும் அறிவிப்பு வாக்கியத்தையும் சேர்த்துக்கொள். லிங்க்கில் ‘ஸ்பான்சர்டு’ என்ற குறியையும் போடு, கூகுள் 2019-லிருந்து அதைக் கேட்கிறது.

பணம் வரும் கணக்கு உன் பெயரில் இருக்கட்டும். பான் கார்டும் உன்னுடையதே. வீட்டுக்காரர் கணக்கு, அப்பா கணக்கு என்று கொடுத்துவிட்டு, பின்னால் உன் காசை நீயே கேட்டு வாங்கும் நிலை வேண்டாம் கண்ணு. கமிஷன் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள், பான் இல்லாவிட்டால் 20 சதவீதம். உனக்கு வரி கட்டும் அளவு வருமானம் இல்லையென்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்ப வாங்கலாம்.

கடைசியாக, நான் உன்னிடம் கெஞ்சிக் கேட்பது. பிளாக் கொஞ்சம் வளர்ந்ததும் மெயில் வரும். எடை குறைக்கும் பவுடர், உடனடிக் கடன் ஆப், டிரேடிங் டிப்ஸ். கிரைண்டருக்கு 4 சதவீதம் வாங்கியவளுக்கு 40 சதவீதம் தருகிறோம் என்பார்கள். சில கோர்ஸ்களே, கமிஷன் அதிகம் உள்ளதைத் தேர்ந்தெடு என்று சொல்லித்தரும். உன் ரெசிபியை நம்பிச் சமைக்கும் ஒரு பெண், நீ சொன்னாய் என்பதற்காகவே அந்தப் பவுடரைக் குழந்தை பெற்ற மூன்றாம் மாதத்தில் குடிப்பாள், அந்த ஆப்பில் கடன் வாங்குவாள். உன் சொந்தத் தங்கச்சிக்கு வாங்கிக் கொடுக்க மாட்டாய் என்றால், அந்த லிங்க்கை வைக்காதே.